அடுப்பை யார் பற்றவைப்பது

16 அக்டோபர் 1983, ஞாயிறு
யூத மாணவர் சங்க இல்லம்

எல்கன்,

உன் மூன்று கடிதங்களும் வந்தன. பிரிக்காமலே தூக்கிப் போட்டேன் என்று எழுதினால் எனக்குக் கௌரவமாக இருக்கும். வந்த அன்றைக்கே படித்தேன். பதில் போட மனம் வரவில்லை, அவ்வளவுதான். இப்போது எழுதுவதும் உன்மேல் இரக்கப்பட்டு இல்லை. வெள்ளிக்கிழமை நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். சொன்னால் விளங்கிக்கொள்ளக்கூடியவன் நீ ஒருவன்தான். காரணமும் நீதானே.

புது மாணவர்களுக்கான முதல் சபாத் விருந்து. நாற்பத்திரண்டு பேர். போன வருடம் நீ சங்கத் தலைவனாக இருந்தபோது வந்ததைவிட ஒன்பது பேர் அதிகம், வயிறெரி. நிலவறைச் சமையலறையில் காலையிலிருந்து நானும் என் தோழி பெவ்வும். இரண்டு வருடமாக அந்தச் சமையலறை என் ராஜ்ஜியம் என்று உனக்குத் தெரியும். சிவப்புப் புள்ளி வைத்த பாத்திரம் இறைச்சிக்கு, நீலப் புள்ளி பாலுக்கு. அந்தப் புள்ளிகளை என் நகப்பூச்சால் வைத்ததே நான்தான்.

கோழியைக் கழுவி, கேரட் நறுக்கி, பெரிய பானையை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தேன். நம் சங்க மதகுரு ராபி ஃபிங்கின் மனைவி டீனா படியிறங்கி வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"திர்ஸா, கண்ணு, ஒரு நிமிஷம் இரும்மா. அடுப்பை மட்டும் பெவ் பத்தவைக்கட்டும். மத்ததெல்லாம் நீயே பாரு. உன் கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்?"

யூதரல்லாதவர் சமைத்ததை நாம் சாப்பிடக் கூடாது. ஆனால் நெருப்பை ஒரு யூதர் மூட்டிவிட்டால் போதும். சட்டம் எனக்குத் தெரியாதா? போன வருடம் புது மாணவர்களுக்கு அதை வகுப்பெடுத்தவளே நான்.

பெவ் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு என்னையும் டீனாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னடி கூத்து இது? எனக்கு முட்டை அவிக்கக்கூடத் தெரியாது. நான் குச்சி கிழிச்சா கோஷர், நீ கிழிச்சா இல்லையா?" என்றாள். டீனா அழுதுவிட்டார். நான் அழவில்லை. சூப்புக்கு உப்புப் போட்டேன், இரண்டு தடவை போட்டுவிட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது.

நீ ஆகஸ்டில் ராபிகளின் மன்றத்துக்குப் போய், நம் கல்யாணத்துக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். செப்டம்பரில் பதில் வந்தது. என் அம்மா 1959இல் யூத மதத்துக்கு வந்தது செல்லாதாம். அம்மா யூதர் இல்லையென்றால் அவள் பெற்ற நானும் இல்லை. இருபத்தொரு வருடம் நான் யார் என்று யாரும் கேட்கவில்லை எல்கன். நீ கேட்டாய்.

திர்ஸா


20 அக்டோபர் 1983
மான்செஸ்டர்

அன்புள்ள திர்ஸா,

நீ எழுதியதே எனக்குப் போதும். திட்டியதெல்லாம் சரி. இருந்தாலும் என் பக்கத்தையும் ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு நியாயம் பேசமாட்டேன்.

ஜூனில் ஊருக்குக் கிளம்பும் முன் ராபி ஃபிங்கிடம் போனேன். நாம் அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறோம், உன் பெற்றோரின் கல்யாணப் பத்திரம், அம்மாவின் சான்றிதழ் எல்லாம் இப்போதே பார்த்து வைக்கலாமா என்று கேட்டேன். அவர் மேசையில் இருந்த பேனாவை எடுத்து டிராயருக்குள் போட்டுப் பூட்டினார்.

"எல்கன், நீ இப்ப என்கிட்ட ஒண்ணும் கேக்கலை. சரியா? கேட்டா நான் தேடணும். தேடினா பதில் சொல்லணும். சொன்னா நீ அதுபடி நடந்துதான் ஆகணும். அந்தப் பொண்ணு வெள்ளிக்கிழமை சமைக்குது, நாம சாப்பிடறோம். போய் ரயிலைப் பிடி."

வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்தேன். நான் பாலம் கட்டுகிறவன். திறப்பதற்கு முன் சுமை ஏற்றிப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். பார்க்காமல் திறந்து, பிள்ளைகள் பிறந்த பிறகு ஏதாவது வெடித்தால் என்று பயந்தேன். உன்னைச் சோதிக்கக் கேட்கவில்லை. யாரும் பின்னால் வந்து ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று கேட்டேன்.

1959இல் உன் அம்மாவை மதத்தில் ஏற்றுக்கொண்ட மூன்று நீதிபதிகளில் ஒருவர் உங்கள் ஊர்க் குடைக்கடைக்காரர். அவர் ஓய்வுநாளான சபாத்தன்று கடை திறந்து வியாபாரம் செய்தவர், அதனால் நீதிபதியாக உட்கார முடியாது, மூன்று பேர் இல்லாத மன்றம் மன்றமே இல்லை. இதுதான் தீர்ப்பு. ஒரு குடைக்கடை.

மருந்தும் அவர்களே சொன்னார்கள் என்று உனக்குத் தெரியும். நீ ஸ்நானக் குளத்தில் இறங்கி முழுகினால் இருபது நிமிடத்தில் முடிந்தது. வேறு யாராக இருந்தாலும் மறுநாளே உன்னைக் கல்யாணம் செய்யலாம். ஆனால் நான் கோஹன். ஆரோன் வழிவந்த ஆசாரியக் குலம். விவாகரத்தானவளையும் மதம் மாறி வந்தவளையும் நாங்கள் மணக்க முடியாது. நீ தண்ணீரில் இறங்கினால் எல்லோருக்கும் யூதப் பெண், எனக்கு மட்டும் ஆகாதவள்.

அதனால்தான் கெஞ்சுகிறேன். கொஞ்சம் பொறு. இறங்காதே. அந்தத் தீர்ப்பையே மாற்ற ஒரு வழி இருக்கும். நான் தேடுகிறேன்.

எல்கன்


6 நவம்பர் 1983

எல்கன்,

பொறு என்கிறாய். எங்கே உட்கார்ந்து பொறுப்பது என்றும் சொல்லியிருக்கலாம்.

போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை மாலை அம்மா மேசைவிரிப்பை விரித்து, விளக்குத் தண்டுகளைத் துடைத்து, மெழுகுவத்தி இரண்டையும் செருகினாள். எல்லாம் வழக்கம்போல. தீக்குச்சியை எடுத்தவள் அப்படியே நின்றாள். பிறகு அப்பாவிடம் நீட்டினாள்.

"நீங்களே ஏத்துங்க. நான் ஏத்தினா சேராதாம்."

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், வாய் ஓயாதவர். அன்றைக்குக் குச்சியை மட்டும் வாங்கிக்கொண்டார். ஏற்றினார். அம்மாதான் ஆசீர்வாத வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தாள், அவருக்கு மனப்பாடம் கிடையாது. இருபத்து நான்கு வருடம் அந்த வீட்டில் பன்றி இறைச்சி நுழைந்ததில்லை எல்கன். அம்மா மீனவர் வீட்டுப் பெண், நண்டு என்றால் உயிர். நண்டு சுவை எப்படியிருக்கும் என்று நான் கேட்டால் மறந்துபோச்சு என்பாள். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

இங்கே சங்கத்தில் எல்லோரும் என்மேல் அவ்வளவு பிரியமாக இருக்கிறார்கள், தாங்க முடியவில்லை. யூதரல்லாதவர் கை பட்ட ஒயினைக் குடிக்கக் கூடாது, ஆனால் கொதிக்கவைத்த ஒயினுக்கு அந்த விலக்கு இல்லை. அதனால் டீனா சங்கத்துக்கு இப்போது கொதிக்கவைத்த ஒயின்தான் வாங்குகிறார், நான் தைரியமாகப் பாட்டிலைத் தொடலாம் என்று. இருமல் மருந்து மாதிரி இருக்கிறது. நாற்பது பேரும் முகத்தைச் சுளிக்காமல் குடிக்கிறார்கள். யாராவது ஒருத்தர் "என்னங்க இது கண்றாவி" என்று சொன்னால் அவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பேன்.

பெவ் வெள்ளிக்கிழமை தவறாமல் மூன்றரைக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, "ஐயர் வேலை முடிஞ்சுது, தட்சணை எங்கே?" என்று ஒரு கேரட்டை எடுத்துக்கொண்டு போகிறாள். அவள் இல்லையென்றால் நான் என்றைக்கோ இந்தப் பக்கம் வருவதை விட்டிருப்பேன்.

நீ எல்லோரிடமும் கேட்கிறாய் இல்லையா, இப்போது நான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பதிவாளர் அலுவலகம் இருக்கிறது. இரண்டு சாட்சி, ஒரு கையெழுத்து. ராபி வேண்டாம், பந்தல் வேண்டாம். உன் அப்பாவுக்குக் கஷ்டமாக இருக்கும், என் அம்மாவுக்கு அதைவிடக் கஷ்டமாக இருக்கும், அவள் எதற்காக நண்டை விட்டாள் என்று ஆகிவிடும். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன். செய்வாயா?

ஆம் என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி. ஒரு சொல் போதும்.

திர்ஸா


23 நவம்பர் 1983

அன்புள்ள திர்ஸா,

உன் அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

சும்மா இருக்கவில்லை. இங்கே இன்னொரு ராபியிடம் போனேன், பெரிய படிப்பாளி, இரக்கமுள்ளவர் என்று பெயர். கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: "வேற யார்கிட்டயாவது கேட்டியா?" கேட்டேன் என்றேன். "அவங்க கூடாதுன்னு சொன்னாங்களா?" ஆமாம் என்றேன். "அப்போ நான் வாயைத் திறக்க முடியாதுப்பா. ஒருத்தர் தடுத்ததை இன்னொருத்தர் அவிழ்க்க முடியாது. முதல்ல என்கிட்ட வந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு தேநீர் கொடுத்தார். அந்த முடிக்காத வாக்கியம்தான் இப்போது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்பாவுக்கு மூட்டுவலி அதிகமாகிவிட்டது. ஆனாலும் பண்டிகைக்குப் பண்டிகை மேடையேறுவதை விடுவதில்லை. எங்கள் ஜெப ஆலயத்தில் இப்போது அவரும் நானும் மட்டும்தான் கோஹன்கள். சால்வையைத் தலைமேல் போட்டுக்கொண்டு கைகளைத் தூக்கி ஆசீர்வதிக்கும்போது அவர் திரைச்சீலைக் கடை சிப்பந்தி ஹைமன் காட்ஸ் இல்லை, வேறு யாரோ. மற்ற நாளெல்லாம் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்.

ஹனுக்கா விளக்குப் பண்டிகைக்கு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். கம்பளிக் காலுறை, ஒரு பெட்டி மெழுகுவத்தி. உன் அறையில் ஹீட்டர் வேலை செய்கிறதா? ஜன்னல் இடுக்கில் செய்தித்தாளை மடித்துச் செருகு, நான் இருந்தபோது அப்படித்தான் செய்வேன்.

எல்கன்


11 டிசம்பர் 1983

எல்கன்,

காலுறை அளவாக இருக்கிறது. மெழுகுவத்தியை பெவ் ஏற்றினாள். ஹீட்டர் வேலை செய்கிறது. ஜன்னலில் செய்தித்தாள் செருகிவிட்டேன்.

போன கடிதத்தில் உன்னிடம் ஒன்று கேட்டிருந்தேன். உன் பதிலில் அதைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாம் இருக்கிறது, உன் அப்பாவின் மூட்டுவலி வரைக்கும். உறையைக் கவிழ்த்து உதறிக்கூடப் பார்த்தேன்.

அம்மா மன்றம் சொன்ன வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டாள். ஐம்பத்தொரு வயதில், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பாலையும் இறைச்சியையும் எப்படிப் பிரிப்பது என்று கற்றுக்கொள்கிறாள். சொல்லித்தரும் பெண் தப்பாகச் சொன்னதை இரண்டு தடவை திருத்தினாளாம். "நீயும் வாடி. ரெண்டு பேரும் ஒண்ணா முழுகிட்டு வந்துடலாம். தண்ணி சூடாத்தான் இருக்குமாம்" என்கிறாள். நான் பரீட்சை என்று சொல்லித் தட்டிக்கழிக்கிறேன். ஏன் இறங்கமாட்டேன் என்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். கேட்பதில்லை. கேட்காமல் இருக்கத் தெரிந்தவள்.

டீனா, ராபி, எல்லோருக்கும் இதே கேள்விதான் கண்ணில். இருபது நிமிட வேலை, இந்தப் பெண் ஏன் இப்படி வீம்பு பிடிக்கிறாள் என்று. உனக்காகத்தான் அடுப்பைத் தொடாமல் நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வது? நீயே என்னவென்று சொல்லாதபோது?

நீ பதில் எழுதும்வரை நான் எழுதப்போவதில்லை. எந்தக் கேள்விக்கு என்று உனக்குத் தெரியும்.

திர்ஸா


2 ஏப்ரல் 1984, திங்கள்
மான்செஸ்டர்

திர்ஸா,

ஜனவரியில் எழுதிய இரண்டுக்கும் நீ பதில் போடவில்லை. போடமாட்டாய் என்று தெரியும். அந்த ஒரு சொல்லை எழுத எத்தனை தடவை உட்கார்ந்தேன் என்று நீ நம்பமாட்டாய். ஆம் என்று எழுதினால் அப்பா முகம். இல்லை என்று எழுதினால் உன் முகம். தாளைக் கிழித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

இன்றைக்கு அந்தச் சொல்லே தேவையில்லாமல் போகலாம். பொறுமையாகப் படி.

பாஸ்காவுக்கு வீடு துப்புரவு செய்துகொண்டிருந்தேன். ரொட்டித் துணுக்கு எங்கும் இருக்கக் கூடாது என்று அப்பாவின் எழுதுமேசை டிராயரைக் கவிழ்த்தேன். அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. அப்பாவின் அம்மா, நான் பார்த்தேயிராத கிட்டல், வைத்துவிட்டுப் போனது. அப்பா அதைத் திறந்ததே இல்லையாம். உள்ளே ஒரு சீப்பு, கப்பல் சீட்டு, நான்காக மடித்த ஒரு தாள். கோவ்னோ நகரத்து ராபிகள் 1907இல் எழுதிக் கொடுத்தது. மோஷேயின் மகள் கிட்டல் முறைப்படி விவாகரத்துப் பெற்றவள், இனி எவரையும் மணக்கலாம், ஒரு கோஹனைத் தவிர.

அவள் 1911இல் இங்கே வந்து என் தாத்தாவை மணந்தாள். விதவை என்று சொல்லி. தாத்தா கோஹன்.

புரிகிறதா? விவாகரத்தானவள் கோஹனுக்குப் பெற்ற பிள்ளை கோஹன் இல்லை. அப்பா கோஹன் இல்லை. நான் கோஹன் இல்லை. நீ தண்ணீரில் இறங்கலாம், அன்றைக்கு மாலையே நாம் பந்தலுக்குக் கீழே நிற்கலாம். ஆறு மாதமாகச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தேன், கதவு எங்கள் வீட்டு டிராயருக்குள் இருந்திருக்கிறது.

மன்றத்தில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் போகமாட்டேன். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

எல்கன்


4 ஏப்ரல் 1984

எல்கன்,

விடுமுறைக்கு வீட்டில் இருக்கிறேன், உன் கடிதம் இங்கே திருப்பி அனுப்பப்பட்டு இன்று காலைதான் வந்தது. மதியத் தபாலில் சேர்க்க வேண்டும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

காட்டாதே.

படித்ததும் என் கால் தரையில் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி முன்னால் போய் நின்று சிரித்தேன், பைத்தியம் மாதிரி. அப்புறம் அம்மா சந்தையிலிருந்து வந்தாள்.

பிப்ரவரியில் அம்மா முழுகினாள். அது உனக்குத் தெரியாது. அதன்பிறகு அப்பாவும் அவளும் மறுபடி கல்யாணம் செய்துகொள்ள வேண்டியிருந்தது, பழைய கல்யாணம் செல்லாதே. ராபியின் அலுவலக அறையில், நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு. என் பெற்றோர் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன், கேக் நன்றாக இருந்தது. அப்பா, "இந்தத் தடவையாவது யோசிச்சுச் சொல்லு" என்று அம்மாவைச் சீண்டினார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அம்மா இப்போதும் வெள்ளிக்கிழமை தீக்குச்சியை எடுக்கும்போது ஒரு நொடி நிற்கிறாள். யாரோ வேண்டாமென்று சொல்வார்கள் என்பது மாதிரி. அந்த ஒரு நொடி இனிப் போகாது எல்கன். சாகும்வரை போகாது.

உன் அப்பாவிடம் அதைச் செய்யாதே. கை தூக்கும்போது அவர் வேறு யாரோ என்று நீயே எழுதினாய், அவருக்கு இருப்பதே அது ஒன்றுதான். தாளை மடி, சீப்புக்குக் கீழே வை, டப்பாவை மூடு. நமக்குள் எதுவோ அது வேறு. அதற்கு என்னுடைய பழைய கேள்வி இருக்கிறது, அதற்கு எந்த ராபியும் வேண்டாம்.

கேட்காதே. ஒரே ஒரு தடவையாவது கேட்காமல் இரு.

திர்ஸா


26 ஏப்ரல் 1984
மான்செஸ்டர்

திர்ஸா,

உன் கடிதம் ஐந்தாம் தேதி வியாழக்கிழமை வந்தது. நான் புதன்கிழமையே போயிருந்தேன்.

காத்திருக்கிறேன் என்று எழுதினேன், தெரியும். ஒரு நாள் காத்திருந்தேன். செவ்வாய் தபாலில் ஒன்றுமில்லை, புதன் தபாலிலும் ஒன்றுமில்லை. நீ கோபத்தில் எழுதவே மாட்டாய் என்று நினைத்தேன். பாஸ்காவுக்கு முன் முடித்துவிட்டு, எல்லாம் முடிந்த செய்தியோடு உன் முன் வந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மூன்று பேரும் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பிறகு ஆள் அனுப்பி அப்பாவை வரவழைத்தார்கள். கடையிலிருந்து நேராக வந்தார், கழுத்தில் அளவுநாடா தொங்கியபடி. என்னைப் பார்த்து, "என்னடா, உடம்புக்கு ஏதாவதா?" என்றார். தாளை அவர் கையில் கொடுத்தார்கள். படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார்.

"உங்கம்மாவுக்கு முன்னாடி கல்யாணம் ஆகியிருந்துதா, மிஸ்டர் காட்ஸ்?"

"ஆகியிருந்துது. அந்த முதல் புருஷன் செத்துப்போயிட்டார்னு சொல்லுவாங்க."

"இது அவங்கதானா?"

"தெரியலைங்க."

அரை மணி நேரம் உள்ளே பேசிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்கள். கோவ்னோவில் மோஷேயின் மகள் கிட்டல் எத்தனையோ பேர். ஒரு தாளை வைத்து, மூன்று தலைமுறை ஊரறிய கோஹனாக இருந்த குடும்பத்தை இறக்க முடியாது. செத்தவள் பெயரைக் கெடுக்கவும் முடியாது. ஹைமன் காட்ஸ் கோஹன். அவர் மகன் கோஹன். சந்தேகமில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா அளவுநாடாவைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டே வந்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

பாஸ்காவின் முதல் நாள் ஜெப ஆலயத்தில் ஆசீர்வாத நேரம் வருவதற்குச் சற்று முன் அப்பா எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். நடையில், மேலங்கிகள் மாட்டும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ளே வாங்கப்பா. அந்தத் தாள் செல்லாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்களே."

"சொன்னாங்க. நான் கேட்டேன்."

"அப்புறம் என்ன?"

"கை தூக்க முடியலைடா." இரண்டு கையையும் விரித்து, வேறு யாருடையதோ மாதிரி பார்த்தார். "ஊர்ல ஆயிரம் கிட்டல் இருக்கலாம். அந்த டப்பால ஒரு கிட்டல்தானே இருந்தா."

ஆசீர்வாதம் உள்ள எல்லா நாளும் அப்படித்தான். நேரம் வந்ததும் நடைக்குப் போய்விடுவார். கடைசி நாள் ஜெப ஆலயக் காரியக்காரர் என் தோளைத் தட்டினார். "எல்கன், மேல ஏறுடா. ஒரு கோஹன்கூட இல்லாம பண்டிகை முடியறதா? ஜனங்க காத்திருக்காங்க." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் சால்வை இருக்கையில் இருந்தது. எடுத்துப் போர்த்திக்கொண்டு ஏறினேன். தனியாக நின்று கை தூக்கி ஆசீர்வதித்தேன். வார்த்தைகள் தானாக வந்தன. கதவுக்கு வெளியே அப்பா ஆமென் சொன்னது கேட்டது.

உன் கேள்வியை மறக்கவில்லை. கொஞ்சம் அவகாசம் கொடு. அப்பா இப்படி இருக்கும்போது என்னால் யோசிக்கவே முடியவில்லை.

எல்கன்


10 ஜூன் 1984, ஞாயிறு
யூத மாணவர் சங்க இல்லம்

அன்புள்ள எல்கன்,

முதல் தடவையாக அன்புள்ள என்று போட்டிருக்கிறேன், கவனித்தாயா? கோபம் போய்விட்டது. அது இருந்தவரைக்கும் நீயும் இருந்தாய், இப்போது வெறுமையாக இருக்கிறது. இதைப் பூசிமெழுகிச் சொல்ல எனக்கு வரவில்லை.

உன் கடிதத்தை ஆறு வாரம் பையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதினேன். அவகாசம் கேட்கிறாய். பதிவாளர் அலுவலகத்துக்கு என்னோடு வர நினைக்கிறவன் அந்த மேடையில் ஏறியிருக்கமாட்டான். ஆகாதவளைக் கட்டிக்கொள்ளும் கோஹன் அங்கே நின்று கை தூக்கக் கூடாது என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நடைக்குப் போய் உன் அப்பா பக்கத்தில் நின்றிருக்கலாம். நீ ஏறினாய். அதுதான் பதில். நவம்பரில் கேட்டது, ஏப்ரலில் கிடைத்தது. நீ சொன்னது உனக்கே தெரியவில்லை என்பதுதான் பாவமாக இருக்கிறது.

உன்மேல் குற்றம் சொல்லவில்லை. அந்த ஜனங்கள் திரும்பிப் பார்த்தால் நானும் ஏறியிருப்பேன். அவர்களோடு இருக்கத்தானே நானும் இவ்வளவு நாள் வாசலில் நின்றேன்.

வியாழக்கிழமை மாலை, பாஸ்காவுக்கு ஏழு வாரம் கழித்து வரும் வாரங்களின் பண்டிகை முடிந்த கையோடு, அம்மா என்னை ஸ்நானக் குளத்துக்கு அழைத்துப் போனாள். தண்ணீர் சூடாகத்தான் இருந்தது. இறங்கும் முன் மூன்று ராபிகளும் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சில கேள்விகள் கேட்டார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். கடைசியாக ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு கோஹனைக் கல்யாணம் பண்ணிக்கிற எண்ணம் எதுவும் இல்லையேம்மா?"

அம்மா என் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"இல்லைங்க" என்றேன். அது உண்மை. உண்மையாக இருந்ததுதான் வலித்தது.

மூன்று தடவை முழுகினேன். தண்ணீருக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது, ஆனால் மூச்சு முட்டும்.

முந்தாநாள் என் கடைசி சபாத் விருந்து. பரீட்சை முடிந்து பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள், பத்தொன்பது பேர்தான். டீனா பழைய ஒயினையே வாங்கி வைத்திருந்தார். ஒரு பையன் வாயில் வைத்ததும் "அப்பாடா" என்றான், பக்கத்திலிருந்தவள் அவனைக் காலால் மிதித்தாள். மூன்றரை மணிக்கு பெவ் வழக்கம்போலப் படியிறங்கி வந்து, தீப்பெட்டியை என் முன்னால் நீட்டினாள்.

"இந்தா, உன் சொத்து. எனக்கு வேலை போச்சு."

முதல் குச்சி அணைந்துவிட்டது. அம்மாவுக்கு வரும் அந்த ஒரு நொடி எனக்கும் வந்தது, யாராவது வேண்டாம் என்பார்களா என்று படியைப் பார்த்தேன். யாரும் இல்லை. இரண்டாவது குச்சியில் அடுப்பு பிடித்துக்கொண்டது.

நாளை சாவியை பெவ்விடம் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறேன். இந்த முகவரிக்கு எழுதாதே, வீட்டு முகவரிக்கும் வேண்டாம். உன் அப்பாவை நடையில் தனியாக நிற்க விடாதே, போய்ப் பக்கத்திலாவது நில். அவரால் முடியாதபோது மேடையில் நீ நின்றாக வேண்டும் என்றால், நில். நீ அங்கே கை தூக்கி ஜனங்களை ஆசீர்வதிக்கும்போது இனி அந்த ஜனங்களில் நானும் ஒருத்தி. உன்னிடமிருந்து எனக்கு வர வேண்டியது அது மட்டும்தான்.

திர்ஸா